ஒரு புயலை வைத்து அடுத்த புயலை அளக்காதீர்கள்

கேள்வி:

ஃபுளோரிடாவில், டாம்பா வளைகுடாவை ஒட்டிய பினெல்லஸ் கவுண்டியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். மாடி இல்லாத தனி வீடு. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் போனபோது எங்கள் பக்கம் பெரிய காற்றே இல்லை. ஆனால் நள்ளிரவில் கடல் தெருவில் ஏறி, வீட்டுக்குள் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. நனைந்த சோபா, மெத்தை, கார்ப்பெட் எல்லாவற்றையும் வாசலில் குவித்துவிட்டு, சுவர்ப் பலகையை அடியில் அறுத்துக் காயவைத்துக்கொண்டிருந்தோம். அதற்குள் மில்டன் வருகிறது என்றார்கள். விழுந்தடித்து ஓடினோம். திரும்பி வந்து பார்த்தால் கடல்நீர் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. கூரை ஓடுகள்தான் பிய்ந்து போயிருந்தன.

அன்றிலிருந்து ஜூன் பிறந்தாலே எனக்குத் தூக்கம் இல்லை. ஆப்பிரிக்கக் கரையில் ஒரு மேகக்கூட்டம் கிளம்பியது என்று யூடியூப்பில் யாராவது சொன்னால் போதும், இரவு 2 மணிக்கு எழுந்து போனைப் பார்க்கிறேன். என் கணவர், "ரெண்டாவது தடவை ஓடினது வீண். இனிமே ஓட வேண்டாம்" என்கிறார். இந்த முறை அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், நவம்பர் வரை இருப்பார்கள். அப்பா வேதாரண்யத்துக்காரர். "கஜாவையே பார்த்தாச்சும்மா, கதவைச் சாத்திட்டு உள்ளே இருந்தா போதும்" என்கிறார். அம்மா சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஒரு புயலின் வேலையே முடியாமல் கிடக்கும்போது அடுத்தது வந்தால் எப்படித் தயாராவது? நான்தான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேனா?

— ஒரு வாசகி, ஃபுளோரிடா

பதில்:

உங்கள் பயம் நியாயமானது. வீட்டுக்குள் கடல் ஏறியதைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள். அதற்குப் பிறகும் ஜூன் மாதம் வயிறு கலங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். என் கவலை வேறு. அந்தப் பயம் உங்களை இரவு 2 மணிக்கு எழுப்பிப் போனைப் பார்க்க வைக்கிறது. பகலில் செய்ய வேண்டிய ஒரு வேலையையும் செய்ய வைக்கவில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில் இருக்கிறது என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. வெள்ளக் காப்பீடு இருக்கிறதா என்றும் இல்லை. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் உங்கள் கவலையில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

முதலில் உங்கள் கணவர் சொல்வதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் வீட்டில் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஹெலீனையும் மில்டனையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். செப்டம்பர் 26 இரவு ஹெலீன் கரையேறியது உங்களுக்கு வெகு வடக்கே, பெர்ரி என்ற ஊருக்கு அருகில். அதன் மையம் டாம்பா கரையிலிருந்து நூறு மைலுக்கு மேல் தள்ளித்தான் கடலில் போனது. ஆனால் புயலின் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். மையம் உங்களுக்கு மேற்கே கடலில் போகும்போது காற்று தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசி, மெக்சிகோ வளைகுடாவின் நீரை உங்கள் கரைக்குள் தள்ளும். அங்கே கடல் ஆழம் குறைவு. தள்ளப்பட்ட நீர் போக இடமில்லாமல் தெருவில் ஏறுகிறது. அன்று டாம்பா வளைகுடாவில் வழக்கமான உச்ச நீர்மட்டத்துக்கு மேல் 6 அடிக்கும் அதிகமாகக் கடல் உயர்ந்தது. உங்கள் கவுண்டியில் மட்டும் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் நீரில் மூழ்கி.

அடுத்த பதிமூன்றாம் நாள், அக்டோபர் 9 இரவு, மில்டன் உங்களுக்குத் தெற்கே சியஸ்டா கீயில் கரையேறியது. மையம் தெற்கே போனதால் உங்கள் பக்கம் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசியது. டாம்பா வளைகுடாவின் நீர் வெளியே இழுக்கப்பட்டது. 2017-இல் இர்மா வந்தபோதும் 2022-இல் இயன் வந்தபோதும் இதேதான் நடந்தது. நீங்கள் ஓடியதால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று நான் சொல்லமாட்டேன். புயல் தெற்கே இறங்கியதால் ஆகவில்லை. அது கரையேறுவதற்கு முந்தைய நாள் வரை டாம்பா வளைகுடாவுக்கு 10 முதல் 15 அடி வரை கடல் ஏறலாம் என்றுதான் எச்சரிக்கை இருந்தது. மையம் இன்னும் சில பத்து மைல் வடக்கே கரையேறியிருந்தால் அந்த நீர் உங்கள் கூடத்துக்கு வந்திருக்கும், ஹெலீனில் வந்ததைப்போல் இரண்டு மடங்கு. எந்தக் கணிப்பாலும் அந்தச் சில பத்து மைலை ஒரு நாள் முன்னதாக உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே நீங்கள் வெளியேறியது வீண் இல்லை. கையில் இருந்த தகவலை வைத்து எடுக்க வேண்டிய ஒரே முடிவு அதுதான்.

கடல் வரவில்லை என்பதால் மில்டன் சாதுவான புயலும் இல்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. பேஸ்பால் அரங்கத்தின் கூரை கிழிந்தது, கட்டுமானக் கிரேன் ஒன்று கட்டடத்தின் மேல் சாய்ந்தது. பெரிய குழாய் உடைந்ததால் அந்த நகரத்தில் குடிநீரையே நிறுத்தினார்கள். மாநிலத்தின் எதிர்க் கரையில், புயல் கரையேறும் முன்பே சுழல்காற்றுகள் தாக்கி, ஃபோர்ட் பியர்ஸ் அருகே ஒரே குடியிருப்பில் ஆறு பேர் இறந்தார்கள். ஒரே இடத்துக்கு இரண்டு வாரத்துக்குள் வந்த இரண்டு புயல்கள். ஒன்று காற்றில்லாமல் கடலைக் கொண்டுவந்தது, மற்றது கடலில்லாமல் காற்றையும் மழையையும் கொண்டுவந்தது. மூன்றாவது எப்படி வரும் என்று இந்த இரண்டையும் வைத்துச் சொல்ல முடியாது. புயல்கள் அடுத்தடுத்து வரும் ஆண்டில் மனிதர்கள் செய்யும் பெரிய தவறு, கடைசியாக வந்ததை அளவுகோலாக வைத்துக்கொள்வதுதான். உங்கள் கணவரும் அதைத்தான் செய்கிறார். அவரிடம் சண்டை போடாமல், இந்தக் காற்றுத் திசை விஷயத்தை ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள். புரிந்துகொள்வார்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2018 நவம்பரில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியபோது அவர் பக்கத்தில் பேரழிவைச் செய்தது காற்று. தென்னந்தோப்புகள் அடியோடு போயின. காற்றுக்குப் பயந்தவர் உறுதியான கட்டடத்துக்குள் இருக்க வேண்டும் என்பது சரியான பாடம். கடல்நீருக்கு அது பொருந்தாது. அவரிடம் கஜாவைப் பற்றி வாதாடாதீர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். வேதாரண்யத்தில் வளர்ந்தவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடல் ஏறி வந்து ஒரு ஊரையும் ஒரு ரயிலையும் எடுத்துக்கொண்டு போனது அவர் தலைமுறைக்குத் தெரியும். கதவைச் சாத்தி வைப்பதால் அந்தத் தண்ணீர் நிற்காது. உங்கள் வீட்டுக்கு மாடியும் இல்லை. அமெரிக்காவில் ஹரிக்கேன்களின் நேரடித் தாக்குதலில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர், ஐம்பது ஆண்டுக் கணக்கில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு, நீரால் இறந்தவர்கள்தான். காற்றைக் கணக்கிட்டுத் தரும் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகை எண் இந்த நீரைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. "ரெண்டாம் வகைதானே" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

இனி போன். ஆப்பிரிக்கக் கரையில் கிளம்பும் மேகக்கூட்டங்களில் பெரும்பாலானவை புயலாகவே மாறுவதில்லை. இன்னும் உருவாகாத ஒன்றுக்குப் பத்து நாள் கழித்து இந்த ஊர் என்று கோடு போட்டுக் காட்டுபவர்களைப் பார்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். நன்கு உருவான புயலுக்கே ஐந்து நாள் முன்னதாகச் சொல்லும் இடம் 200 மைல் விலகுவது சாதாரணம். மயாமியில் உள்ள தேசிய ஹரிக்கேன் மையம் உங்கள் நேரப்படி காலை 5, 11, மாலை 5, இரவு 11 என்று நான்கு வேளை அறிவிப்பு வெளியிடுகிறது. எச்சரிக்கை வந்துவிட்டால் நடுவில் இன்னும் சில. இரவு 2 மணிக்கு நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் 11 மணிச் செய்தியையே வேறொருவர் பரபரப்பாகச் சொல்வது. புயல் தொலைவில் இருக்கும்வரை காலை 11, மாலை 5 ஆகிய இரண்டு வேளை மட்டும் பாருங்கள். உங்கள் வட்டாரத்துக்கு என்ன ஆகும் என்பதை ரஸ்கினில் உள்ள வானிலை அலுவலகம் தனியாகச் சொல்கிறது. அது போதும்.

ஹரிக்கேன் மையம் வெளியிடும் வரைபடத்தில் வெள்ளையாகத் தெரியும் கூம்பைப் பற்றி ஒரு விளக்கம். அது புயலின் அகலம் இல்லை. மையம் எங்கே போகக்கூடும் என்பதன் எல்லை, அவ்வளவுதான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் மையம் அதற்கு வெளியேயும் போகும். 2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி புயல் டாம்பாவுக்கு வரும் என்று எல்லோரும் நடுக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது சில மணி நேரத்தில் இரண்டாம் வகையிலிருந்து நான்காம் வகையாக வலுத்து, முன்னதாகவே திரும்பி, தெற்கே புன்டா கோர்டாவில் ஏறியது. அந்த ஊர் கூம்புக்குள்தான் இருந்தது. அதே ஆண்டு ஏறக்குறைய ஆறு வாரத்தில் நான்கு ஹரிக்கேன்கள் ஃபுளோரிடாவைத் தாக்கின. அவற்றில் பிரான்ஸிஸும் ஜீனும் மூன்று வார இடைவெளியில் கிழக்குக் கரையில் ஏறக்குறைய ஒரே இடத்தில் கரையேறின. ஆகவே "ஒரு தடவை வந்துட்டா மறுபடி அங்கே வராது" என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம்.

உங்கள் தூக்கத்தைத் திருப்பித் தரக்கூடியது, புயல் இல்லாத ஒரு நாளில் எடுத்து வைக்கும் முடிவு. கவுண்டியின் தளத்தில் முகவரியைக் கொடுத்தால் உங்கள் வெளியேற்ற மண்டலம் ஏ, பி, சி என்று எழுத்தில் வரும். கடன் கொடுத்த வங்கி பார்க்கும் வெள்ள வரைபடம் வேறு, இது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிறகு கணவரும் நீங்களும் உட்கார்ந்து ஒரே ஒரு வாக்கியம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்: எங்கள் எழுத்தைக் கவுண்டி அறிவித்தால், அன்று வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புகிறோம். அதற்கு மேல் விவாதம் கிடையாது. புயல் நெருங்கும்போது பயந்த நான்கு பேர் சேர்ந்து நல்ல முடிவு எடுக்க முடியாது. அதனால்தான் முன்பே எழுதிவைக்கச் சொல்கிறேன்.

எங்கே போவது? நீரிலிருந்து தப்ப நூற்றுக்கணக்கான மைல் ஓட வேண்டாம், சில பத்து மைல் போதும். அட்லாண்டாவுக்குக் கிளம்பி நெடுஞ்சாலையில் பெட்ரோல் இல்லாமல் பன்னிரண்டு மணி நேரம் நிற்பது, அதுவும் சர்க்கரை நோயாளியோடு, சரியான திட்டம் இல்லை. மில்டனுக்கு முன் எத்தனை பெட்ரோல் பங்குகள் வற்றின என்று உங்களுக்கே தெரியும். நம்மவர்கள் நிறைய இருக்கும் நியூ டாம்பா, வெஸ்லி சாப்பல் பக்கத்தில் பெரும்பகுதி வெளியேற்ற மண்டலங்களுக்கு வெளியே இருக்கிறது. அங்கே ஒரு குடும்பத்திடம் இப்போதே பேசி வையுங்கள்: "எங்களை வெளியேறச் சொன்னா உங்க வீட்டுக்கு வருவோம், நாலு பேர்." கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். அவர்கள் முகவரியையும் சரிபாருங்கள். மழைநீர் தேங்கும் தாழ்வான இடமாக இருக்கக் கூடாது. பினெல்லஸ் ஒரு தீபகற்பம். டாம்பாவுக்குப் போக ஹோவர்ட் ஃபிராங்க்லாண்ட், கேண்டி, கோர்ட்னி கேம்ப்பெல் பாலங்கள்தான் முக்கிய வழி, காற்று வலுத்தால் அவற்றை மூடிவிடுவார்கள். மூடியபின் மனம் மாறிப் பயனில்லை.

நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி, ஒன்றின் வேலை முடியாதபோது அடுத்ததற்கு எப்படித் தயாராவது என்பது. முதல் புயல் உங்களிடம் இருந்ததை எல்லாம் தின்றுவிட்டுப் போகிறது: சேமிப்பு, அலுவலக விடுப்பு, டின்களில் இருந்த உணவு, பேட்டரி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை. எனவே வீடு திரும்பிய மறுநாள் சுவரை அறுக்கும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. காரில் பெட்ரோலை நிரப்புங்கள். புயல் பெட்டியில் தீர்ந்ததை வாங்கி வையுங்கள். கிழிந்த கூரைக்கு முதலில் தார்ப்பாய், மற்ற பழுது பிறகு. வாசலில் குவிக்கும் நனைந்த பொருட்களைக் கவுண்டி எடுக்கும் என்று விட்டுவிடாமல், அடுத்த புயல் அறிவித்தால் வடிகால் வாயை அடைக்காத இடத்துக்கு நகர்த்துங்கள். மில்டனுக்கு முன் ஹெலீன் குப்பை மலை மலையாகத் தெருக்களில் கிடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். எதையும் எறியும் முன் தேதியோடு படம் எடுங்கள், சீரியல் எண் தெரியும்படி. முதல் புயலின் சேதமும் இரண்டாவதன் சேதமும் தனித்தனிக் கோரிக்கைகள். படம் இல்லையென்றால் எது எதனால் என்று நிரூபிக்க முடியாது. ஃபுளோரிடாவில் ஹரிக்கேன் டிடக்டிபிள், அதாவது காப்பீடு தருவதற்கு முன் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, ஆண்டுக்கு ஒரு முறைக்குத்தான். முதல் புயலில் கூரைக்கு ஆன சிறு செலவு அதைத் தாண்டாவிட்டாலும் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து ரசீதுகளை வையுங்கள். அடுத்த புயலில் அது கணக்கில் சேரும்.

அம்மாவுக்குத் தனிப் பை ஒன்று. கையிருப்பில் எப்போதும் ஒரு மாத மருந்து, ஊசிகள், குளுக்கோமீட்டர், கூடுதல் பேட்டரி, சர்க்கரை தாழ்ந்தால் கொடுக்க குளுக்கோஸ், மருத்துவர் சீட்டின் நகல். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் அறை வெப்பத்தில் 28 நாள் தாங்கும், ஆனால் மின்சாரம் போன ஃபுளோரிடா வீட்டின் வெப்பம் அந்த அளவைத் தாண்டிவிடும். துணியில் சுற்றி, ஐஸ் நேரடியாகப் படாமல் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். அம்மா போடும் வகைக்கு எவ்வளவு நாள் என்று மருந்துக் கடையில் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோரின் பாஸ்போர்ட், விசா, பயணக் காப்பீட்டுத் தாள்கள் நீர் புகாத உறையில் அதே பைக்குள். குடிநீர் ஒருவருக்கு நாளைக்கு ஒரு கேலன், ஒரு வாரத்துக்கு உங்கள் நான்கு பேருக்கு 28 கேலன். மின் அடுப்பு வேலை செய்யாது என்பதை நினைவில் வைத்து அவல், பொட்டுக்கடலை, வறுத்த நிலக்கடலை, பருப்புப்பொடி என்று வாங்கி வையுங்கள். அப்பாவுக்கும் அது பழகிய சாப்பாடு.

ஜெனரேட்டர் வைத்திருந்தால் வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, வெளியில் மட்டும். கார் ஷெட்டில் கதவைத் திறந்து வைத்து ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் கார்பன் மோனாக்சைடால் சாகிறார்கள். மின்சாரக் கார் என்றால் முன்கூட்டியே மேட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள். உப்புநீர் பட்ட பேட்டரி பல நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம். குழந்தை இருந்தால் ஒரு வேலை கொடுங்கள், டார்ச் லைட்டுகளைச் சோதிப்பது, பாட்டி பையைச் சரிபார்ப்பது. குழந்தை கேட்கும் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். இத்தனைக்குப் பிறகும் டிசம்பரில்கூட உங்களுக்குத் தூக்கம் வரவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். பேரிடரைக் கடந்தவர்களுக்கு அது வரக்கூடியதுதான், சிகிச்சையும் இருக்கிறது.

கடைசியாகக் காப்பீடு. வழக்கமான வீட்டுக் காப்பீடு கடல்நீருக்கும் வெள்ளத்துக்கும் ஒரு டாலர்கூடத் தராது. வங்கி கேட்கவில்லை என்பதால் பலர் வெள்ளக் காப்பீடு எடுக்காமல் விடுகிறார்கள், ஹெலீனில் அவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு 2,50,000 டாலர் வரையும் உள்ளே இருக்கும் பொருட்களுக்கு 1,00,000 டாலர் வரையும் பெறலாம். ஆனால் எடுத்த நாளிலிருந்து பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும். புயலுக்குப் பெயர் வைத்தபின் ஓடிப்போய் வாங்க முடியாது. உங்களிடம் அது இல்லையென்றால், இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் முகவரைக் கூப்பிடுங்கள்.